அப்பா ஊசி போட்டுக்கொண்டார்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் தும்மல், இருமல், மூக்கடைப்பு எதுவும் இல்லாமல் சுகமாக இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்கிறாய் என்று தெரிந்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். போனில் கூப்பிட்டால் நீ "நல்லா இருக்கேம்மா, வெச்சிடவா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது பார். கடையில் இன்று கூட்டம் இல்லை. பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம் எல்லாம் தைத்துக் கொடுத்தாகிவிட்டது, யாரோ கொடுத்துவிட்டுப் போன நாலைந்து பேன்ட் மட்டும் உயரம் குறைக்கக் கிடக்கிறது, அது கிடக்கட்டும். தையல் மெஷின் மேலேயே காகிதத்தை வைத்து எழுதுகிறேன், கால் பழக்கத்தில் மிதியை மிதித்துக்கொண்டே இருப்பதால் எழுத்து அங்கங்கே ஆடும், கோபித்துக்கொள்ளாதே.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அக்கா குழந்தை, நம் பட்டாணி, மாதம் நிறைவதற்குள் அவசரப்பட்டு வந்து கொஞ்ச நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தது உனக்குத் தெரியும். இப்போது நன்றாகத் தேறிக் கன்னம் வைத்துவிட்டாள், விரலைக் கொடுத்தால் விடமாட்டேன் என்கிறாள். ஆனால் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார், இந்தக் குளிர் காலத்தில் ஃப்ளூ காய்ச்சல் மட்டும் அவளை அண்டக்கூடாது, அந்தச் சின்ன நெஞ்சு தாங்காது, ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு அந்தத் தடுப்பூசியும் போட முடியாது, சுற்றி இருக்கிறவர்கள் போட்டுக்கொள்வதுதான் அவளுக்குப் பாதுகாப்பு என்று. அக்காவும் மாப்பிள்ளையும் மறுநாளே போய்ப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். வந்த கையோடு உன் அக்கா ஒரு சட்டம் போட்டாள் பார், "ஃப்ளூ ஊசி போட்டுக்காதவங்க பட்டாணியை வாசல்ல நின்னு பார்க்கலாம், தூக்கக் கூடாது, அது அப்பாவா இருந்தாலும் சரி, அந்தக் கடவுளா இருந்தாலும் சரி." கடவுள் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. உன் அப்பாதான் வீட்டை இரண்டாக்கினார்.

அவருக்கு என்னென்ன காரணங்கள் கிடைத்தன தெரியுமா. நாள் முழுக்கக் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அடுத்தவர்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் இல்லையா, வாய் சும்மா இருக்காது. "எத்தனை வருஷமா எத்தனை பேர் என் காருக்குள்ள தும்மியிருக்காங்க, எனக்கு என்ன ஆச்சு" என்றார். "வருஷா வருஷம் புது ஊசின்னா, போன வருஷத்து ஊசி தப்புன்னுதானே அர்த்தம்" என்றார். அதற்கு நான், "போன வருஷ அளவுக்கு இந்த வருஷம் யூனிஃபார்ம் தெச்சுக் குடுத்தா எந்தப் பிள்ளைக்குச் சேரும், அந்தக் கிருமியும் வருஷா வருஷம் உருவம் மாறுதாம், ஊசியும் அதுக்குத் தகுந்த மாதிரி மாறுது" என்றேன். பிறகு உன் சித்தப்பாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். சித்தப்பாவைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, யாரோ எதையோ போனில் அனுப்பினால் அதை முதலில் நம்புவது அவர், அடுத்து அதை நமக்கெல்லாம் அனுப்புவதும் அவர். "உடம்பு தானா சண்டை போட்டுக் கத்துக்கணும் அண்ணி" என்று எனக்குப் பாடம் எடுத்தார். உங்கள் உடம்பு கற்றுக்கொள்ளட்டும், பட்டாணி உடம்பு எங்கே போய்ச் சண்டை போடும் என்று கேட்டேன், டீ ஆறிப்போகிறது என்று எழுந்து போய்விட்டார்.

நானும் ஒன்றும் வீராங்கனை இல்லை, உன்னிடம் சொல்வதற்கென்ன. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடைக்குப் பக்கத்தில் முகாம் போட்டபோது நான் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டேன், அடுத்த வாரமே மூக்கு ஒழுகிப் படுத்துவிட்டேன், அன்றிலிருந்து ஊசியால்தான் ஜுரமே வந்தது என்று எனக்குள் ஒரு முடிவு. இந்தத் தடவை டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, பொறுமையாகச் சொன்னார். "அந்த ஊசியில உயிரோட கிருமி கிடையாதும்மா, அதனால ஃப்ளூ வராது. கை வலிக்கும், ஒண்ணு ரெண்டு நாள் உடம்பு கதகதன்னு இருக்கலாம். அது வேலை செய்யவே ரெண்டு வாரம் ஆகும், அதுக்குள்ள வேற ஏதாவது சளி பிடிச்சா ஊசி மேல பழி போட்டுடறோம்." அப்படியானால் போட்டுக்கொண்டால் வரவே வராதா என்று கேட்டேன். "அப்படிச் சத்தியம் பண்ண மாட்டேன். சில வருஷம் நல்லாப் பொருந்தும், சில வருஷம் கொஞ்சம் குறையும். ஆனா வந்தாலும் பெரும்பாலும் வீட்டுப் படுக்கையோட போயிடும், ஆஸ்பத்திரி வரைக்கும் இழுக்காது." எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. வராது, வராது என்று அடித்துச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

ஆனால் உன் அப்பா அசையவில்லை, சேர்ந்தே போட்டுக்கொள்ளலாம் என்று காத்திருந்ததில் எனக்கும் வாசல்தான். தினம் சாயங்காலம் வேலை முடிந்து அக்கா வீட்டுக்குப் போவார், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார், அங்கிருந்தே "பட்டாணி, இங்க பாரு, இங்க பாரு" என்று கையைத் தட்டுவார், அந்தக் குழந்தை அவரைத் தவிர விளக்கு, விசிறி எல்லாவற்றையும் பார்க்கும். எனக்கே பாவமாக இருக்கும். இந்த மனுஷன் ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறார், ஒரு நிமிஷ வேலைதானே என்று எரிச்சலாகவும் இருக்கும். அக்காவும் அவர் பிள்ளைதானே, விட்டுக்கொடுக்கவில்லை.

அப்புறம்தான் அந்தச் சம்பவம் நடந்தது. அப்பாவிடம் கற்றுக்கொள்கிற வங்கிக்காரர் ஒருவர், ஜன்னலை மூடிக்கொண்டு பாடம் முழுக்க இருமிக்கொண்டே ஓட்டியிருக்கிறார். இவரும் வழக்கம்போல ஒன்றும் நினைக்காமல் அன்று சாயங்காலமே பட்டாணி வாசலில் போய் நின்று, கொஞ்சம் குனிந்து, கொஞ்சம் உள்ளேயும் எட்டிக் கொஞ்சிவிட்டு வந்திருக்கிறார். மறுநாள் அந்த வங்கிக்காரர் வீட்டிலிருந்து போன், அவருக்கு ஃப்ளூ என்று டாக்டர் சொல்லிவிட்டாராம், நெருப்பாகக் கொதிக்கிறதாம், பாடத்துக்கு வரமாட்டார் என்று. உன் அப்பா போனை வைத்துவிட்டு அப்படியே நின்றார். "எனக்கு வந்தா வந்துட்டுப் போகுது. நான் அதைக் கொண்டுபோய் அவகிட்ட வெச்சிட்டு வந்திருந்தா?" என்று கேட்டார். அதற்கப்புறம் சில நாள் அக்கா தெருப் பக்கமே போகவில்லை, தனி அறையில் படுத்தார், என்னிடம் சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்கு வெளியே வைக்கச் சொன்னார். இடையில் ஒரு காலையில் அக்கா போன் பண்ணி, பட்டாணி இரண்டு தடவை தும்மினாள், பால் சரியாகக் குடிக்கவில்லை என்று சொன்னதும் எங்கள் இரண்டு பேருக்கும் கை கால் ஓடவில்லை. டாக்டரம்மா பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, மூக்கடைப்புதான், காய்ச்சல் இல்லை என்று அனுப்பிவிட்டார். சாயங்காலமே பழையபடி குடிக்க ஆரம்பித்துவிட்டாள். அந்தச் செய்தி வந்ததும் உன் அப்பா அறைக் கதவைத் திறந்து வெளியே வந்தார், "எனக்கும் ஒண்ணும் வரல. நாளைக்கே போயிடலாம்" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

சுகாதார நிலையத்தில் ஊசி போடுகிற நர்ஸ் யார் என்று நினைக்கிறாய், அப்பாவிடம் வண்டி பழகுகிற பெண்தான், பின்னால் எடுக்கும்போது கண்ணாடி பார்க்கவே மாட்டாள் என்று தினம் புலம்புவாரே, அவளேதான். "சார், வாங்க வாங்க, இன்னைக்கு நான் சொல்றத நீங்க கேக்கணும்" என்று சிரித்தாள். முதலில் என்னை உட்காரவைத்துப் போட்டாள். எனக்கென்ன, நாள் முழுக்க ஊசியோடு குடும்பம் நடத்துகிறவள், குத்தினதுகூடத் தெரியவில்லை. அடுத்தது நீங்கள் என்று சொல்லித் திரும்புகிறேன், உன் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே சாய்கிறார், பக்கத்துத் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு அதோடு சேர்ந்து தரைக்கு வந்துவிட்டார். அவருக்கு இன்னும் ஊசியே போடவில்லை! எனக்குப் போட்டதைப் பார்த்ததற்குத்தான் இத்தனையும். இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது, அப்போது எனக்கு உயிரே இல்லை. முகம் வெள்ளைத் துணி மாதிரி, நெற்றியெல்லாம் வேர்வை, நான் "என்னங்க, என்னங்க" என்று கத்துகிறேன், அந்தப் பெண் பதறாமல் காலைத் தூக்கி ஒரு பெட்டி மேல் வைத்து, சட்டைக் காலரைத் தளர்த்தி, "ஒண்ணுமில்லம்மா, மயக்கம்தான், இப்ப எழுந்திரிச்சிடுவார்" என்கிறாள். சொன்ன மாதிரியே கண்ணைத் திறந்தார். திறந்ததும் அவள் முகத்தைப் பார்த்து முதலில் சொன்ன வார்த்தை, "கண்ணாடியப் பாரும்மா." அங்கே வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள்.

அப்புறம் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தபடியே என்னிடம் மெதுவாகச் சொன்னார், "எனக்கு ஊசின்னா பயம். எப்பவுமே பயம்." இத்தனை வருஷம் கூட வாழ்ந்திருக்கிறேன், எனக்குத் தெரியாது பார். இன்னும் கேள். நீ பிறந்த அன்று எனக்கு வலி எடுத்தபோது, அப்பா கார் கொண்டுவர ஓடி, அவசரத்தில் கார்க் கதவில் இடித்துக்கொண்டதால்தான் அந்தப் புருவத் தழும்பு என்று நீங்கள் கேட்டு வளர்ந்த கதை, வலியில் அவர் முகத்தைக் கவனிக்காத நானும் நம்பிய கதை இருக்கிறதே, அது சுத்தப் பொய்யாம். என் கையில் குளுக்கோஸ் ஏற்ற ஊசியைச் செருகினதைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் மயங்கி விழுந்து பெஞ்சில் இடித்துக்கொண்டாராம். நீ பிறந்து முதல் தடவை அழுதபோது அவர் அடுத்த அறையில் தையல் போட்டுக்கொண்டு படுத்திருந்தாராம், தையல் போட்டதும் ஊசிதான் என்று தெரிந்து அங்கே இன்னொரு தடவை மயங்கினாராம். இதை உனக்கு எழுதட்டுமா என்று கேட்டேன், "எழுது, எனக்குச் சொல்ல வெட்கமா இருக்கு, நீயே எழுதிடு" என்றார். அன்று அந்த நர்ஸ் பெண் அவரைப் படுக்கவைத்தே, சுவர்ப் பக்கம் திரும்பச் சொல்லிப் போட்டுவிட்டாள். அவர் என் கையைப் பிடித்திருந்த பிடியில் எனக்கு ஊசி போட்ட கையைவிடப் போடாத கைதான் அதிகம் வலித்தது.

இரண்டு வாரம் போகட்டும் என்று அக்கா சொன்னாள், போனது. நேற்று முதல் தடவையாகப் பட்டாணியை அவர் மடியில் வைத்தோம். கார் ஓட்டுகிற மாதிரியே இரண்டு கையையும் விறைப்பாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், மூச்சுகூடப் பார்த்துப் பார்த்துத்தான் விட்டார். அவள் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள், பிறகு அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள். யாரையும் பேசவிடவில்லை அவர். சித்தப்பா இன்னும் போட்டுக்கொள்ளவில்லை, அவர் வாசலில் நின்று கையை ஆட்டிவிட்டுப் போகிறார், அக்கா ஒரு நாற்காலி மட்டும் கொடுத்திருக்கிறாள்.

இப்போது உன் விஷயம். ஹோட்டல் வரவேற்பு மேஜையில் நிற்கிறவன் நீ, ஊர் ஊராகச் சுற்றி வருகிறவர்கள் எல்லாம் உன் முகத்துக்கு நேராகத்தான் முதலில் தும்முகிறார்கள். சின்ன வயதில் உனக்கு இழுப்பு வந்து, ராத்திரியெல்லாம் தோளில் போட்டு நடந்தவள் நான், அதை டாக்டரம்மாவிடம் சொன்னேன், அப்படிப்பட்டவர்கள் முதல் வரிசையில் நின்று போட்டுக்கொள்ள வேண்டும் என்றார். போன வருஷம் உனக்கு ஜுரம் வந்து நீ எழுந்திருக்க முடியாமல் கிடந்ததை உன் அறை நண்பன் வாய் தவறிச் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. கவலைப்படுவார்கள் என்று நீ மறைத்தாய், புரிகிறது. ஆனால் எங்களுக்குத் தெரியாமல் நீ படுத்திருக்கலாம் என்ற நினைப்பு இருக்கிறதே, அதைவிடப் பெரிய கவலை எங்களுக்கு எதுவும் இல்லை. அங்கே உன் டாக்டரிடம் போய்க் கேள், இழுப்பு இருந்ததையும் சொல், அவர் சரி என்றால் அன்றைக்கே போட்டுக்கொண்டு வா. கை வலித்தால் அசைத்துக்கொண்டே இரு. அன்று பளுவான பெட்டி எதையும் தூக்காதே. வெளியே போனால் காதை மூடிக்கொண்டு போ, முடி கலைந்தால் பரவாயில்லை. முழுக்கைச் சட்டை இரண்டு தைத்து அனுப்புகிறேன், இளைத்திருக்கிறாய் என்று போட்டோவில் தெரிந்ததால் அளவு பிடித்தே தைத்திருக்கிறேன், இறுக்கமாக இருந்தால் சந்தோஷப்படுவேன்.

நீ நீண்ட ஆயுளோடு, நெஞ்சு நிறைய மூச்சோடு, நல்ல பசியும் நல்ல தூக்கமுமாக இருக்க வேண்டும். ஊசி போட்டதும் போன் பண்ணு, போடுவதற்கு முன்னால் பயமாக இருந்தாலும் பண்ணு, அப்பா எடுப்பார்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா

மகனுக்கு, வலிக்கவே வலிக்காது என்று ஒரு வரி எழுதச் சொன்னாள் உன் அம்மா. கொஞ்சம் வலிக்கும். போட்டுக்கொள்.
அப்பா