சிங்கப்பூரைப் பார்க்கும் ஏரியல்

அன்புள்ள கஸ்தூரிக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

என்னைப் பாசிர் கூடாங்கில் கொண்டுவந்து விட்ட அன்று, "ஏங்க, இங்க எல்லா வீட்டு ஏரியலும் ஏன் சிங்கப்பூரையே பாத்து நிக்குது?" என்று கேட்டாய். கடலைத் தாண்டினால் சிங்கப்பூர்தானே; அந்தப் பக்கத்துத் தமிழ் நாடகங்களுக்காகத்தான். நம் நாட்டு அலைவரிசைகள் வருவதோ புலாய் மலைக் கோபுரத்திலிருந்து. அது வேறு திசை. பழைய டிவி, பாதி விடைக்கும் பாதி மதிப்பெண் போடும் ஆசிரியர் மாதிரி, சிக்னல் குறைந்தாலும் மங்கலாகவாவது படம் காட்டும். டிஜிட்டலில் முழு மதிப்பெண் அல்லது பூஜ்யம். என் அறையில் தமிழ்ச் செய்தி கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும்.

ஈப்போவில் நீ பார்க்கும் செய்தியை அதே நேரத்தில் நானும் பார்க்கலாமே என்று, யாரையும் கேட்காமல், வீடு முழுவதற்கும் பொதுவான ஒரே ஏரியலைத் திருப்பினேன். கூரையில் ஏறவில்லை, ஜன்னலிலிருந்தே கை எட்டியது. செய்தி தெளிவாக வந்தது. கீழே வீட்டுக்காரர் மகேஸ்வரனின் நாடகம் போய்விட்டது.

"யாரைக் கேட்டு சார் தொட்டீங்க? பாடம் நடத்துறதெல்லாம் டியூஷன்ல வெச்சிக்குங்க லா!"

"தப்புதாங்க. எனக்குத் தனியா ஒண்ணு மாட்டிக்கிறேன்."

"என் வீட்டுல ஒரு கம்பிகூட மாட்டக்கூடாது. பிடிக்கலன்னா ரூம காலி பண்ணுங்க!"

அதோடு நிற்காமல் என் அறைக்கு வரும் கேபிளையும் வெட்டிவிட்டார். படியில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கவலைப்படாதே, பிள்ளைகளின் தேர்வு முடியும்வரை சமாளிப்பேன்.

வகுப்புக்கு நேரமாகிறது. இது கிடைத்த அன்று, செய்தி தொடங்கியதும் எனக்கு ஃபோன் போட்டு, அதை டிவி பக்கத்தில் வைத்துவிட்டு நீ பார், நான் இங்கே கேட்கிறேன்.

மதிவாணன்