ஏழாம் லேன் விளக்கு

புதன்கிழமை, பகல்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. உடம்பளவில் நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே?

போன சனிக்கிழமை நீ ஃபோனில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு அலறல் கேட்டு, என்னம்மா சத்தம் என்றாய். யாரோ டீத் தட்டைக் கீழே போட்டுவிட்டார்கள் என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். விழுந்தது தட்டு இல்லை, ஆள். பவுலிங் பந்து காலில் மோதி விழுந்தார். பந்தை உருட்டியது உன் அப்பா.

இதை ஃபோனில் சொல்ல முடியாது. இருப்பது இரண்டே அறை, உன் அப்பாவுக்கு இப்போது பாம்புக் காது. அதனால் துணி துவைக்கும் கடையில், மெஷின் சுற்றி முடிகிற வரை உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் மெஷினைத் திட்டு.

அடிபட்டவர் நம் பவுலிங் கூடத்து மெக்கானிக். ஐம்பத்திரண்டு வயதாகியும் எல்லோருக்கும் அவர் 'தம்பி'தான். நீ பள்ளிக்கூடம் படிக்கும்போது உன் விரலுக்குப் பொருந்துகிற பந்தாகத் தேடித் தேடி எடுத்துக் கொடுப்பாரே, அவரேதான். கணுக்கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஏற்கெனவே ஒரு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். உன் அப்பாவுக்குக் கண் தெரியவில்லை. அடியோடு போய்விடவில்லை. ஓரத்தில் இருப்பது தெரிகிறது. நேராகப் பார்த்தால் நடுவில் அழுக்குப் பஞ்சை ஒட்டின மாதிரி இருக்கிறதாம். உன் மூக்கைப் பாக்கணும்னா நான் உன் காதைப் பாக்க வேண்டியிருக்கு என்று சிரிப்பார். முட்டிவலி என்று உன்னிடம் சொல்லிக் காரை விற்றோமே, அது முட்டிவலி இல்லை.

அப்புறம் எப்படி விளையாடினார் என்று கேட்பாய். நாற்பத்தொரு வருடமாக ஆடுகிற ஆட்டம். நாலு எட்டு வைத்து, கை பின்னால் போய் முன்னால் வந்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் பந்தை விட்டுவிடும். அதற்குக் கண் வேண்டாம். அறுபதடிக்கு அந்தப் பக்கம் நிற்கிற பத்துப் பின் கட்டைகளில் எது விழுந்தது, எது மிச்சம் என்பதற்குத்தான் கண் வேண்டும். அந்தக் கண் நான். இடது மூலையில ஒண்ணு, நடுவுல ரெண்டு என்று பக்கத்தில் நின்று முணுமுணுப்பேன். உருட்டுவதற்கு முன்னால் அவர் 'ம்?' என்பார். பாதை காலியாக இருந்தால் நான் 'ம்' என்பேன். ஒன்றரை வருடமாக இப்படித்தான். எதிர் அணியில் ஆடும் பல் டாக்டர், வீட்டுல அவரைப் பேசவே விடமாட்டீங்களா, இங்க வந்தும் ஓதிக்கிட்டே இருக்கீங்களே என்று கிண்டல் செய்வார். நானும் சிரித்துவைப்பேன்.

கூடத்தில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் வருடத்துக்கு ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். பார்வை நன்றாக உள்ளதா என்ற கேள்விக்கு நேரே 'ஆம்' என்று குறி போட்டது என் கை.

சனிக்கிழமை ஒரு பின் உருண்டு வந்து, நாங்கள் ஆடும் பாதையான ஏழாம் லேனுக்கு நடுவில் கிடந்தது. பின்களை நிறுத்தும் மெஷின் நின்றுவிட்டது. தம்பி வந்து, லேனுக்கு மேலே இருக்கிற சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு, ஓரமாக நடந்து போய்க் குனிந்தார். விளக்கு எரிந்தது. என் கண்ணால் பார்த்தேன். ஒரு நிமிடம் நான் திரும்பியிருந்தேன். அதற்குள் உன் அப்பா பந்தை உருட்டிவிட்டார்.

கவுண்டரில் இருக்கிற பெண் பதறிப்போய் எல்லாப் பொத்தானையும் அழுத்தினாள், விளக்கும் அணைந்துபோயிற்று. மேலாளர் ஓடிவந்தபோது அது எரியவில்லை. சார், லைட் எரிஞ்சுதா என்று உன் அப்பாவைக் கேட்டார். அவர், நான் எந்த லைட்டையும் பாக்கலை என்றார். அது உண்மை. மேலாளர் 'விளக்கு எரியவில்லை' என்று எழுதிக்கொண்டார். அது உண்மை இல்லை. நான் பக்கத்திலேயே நின்றேன், வாயைத் திறக்கவில்லை. பக்கத்து லேன்காரர்கள் ஷூ மாற்றப் போயிருந்தார்கள். என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

விளக்குப் போடாமல் பாதையில் இறங்கியதாக முடிவானால் தம்பிக்கு வேலை போய்விடும். நாளை மறுநாள் பதினோரு மணிக்கு விசாரணை. உன் அப்பா கையெழுத்துப் போட வேண்டும்.

நேற்று பொறுக்க முடியாமல், லைட் எரிஞ்சுதே, ஏன் அப்படிச் சொன்னீங்க என்று கேட்டே விட்டேன். நான் பொய் சொல்லலையே, பாக்கலைன்னுதானே சொன்னேன் என்றார். நான் எழுந்து பாத்திரம் கழுவப் போனேன். பின்னாலேயே வந்து, டிவி போச்சு, பேப்பர் போச்சு, அங்க போய் நிக்கிற ரெண்டு மணி நேரம்தான் நான் ஆளா இருக்கேன், அதையும் பிடுங்கிடாதே என்றார். உன் அப்பா என்னிடம் கெஞ்சி நான் பார்த்ததில்லை. கழுவின தட்டையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

துணி ஆகிவிட்டது. மீதி அப்புறம்.

வியாழக்கிழமை, மாலை

ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து, வாசலில் இருக்கிற பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன்.

உன் அப்பாவிடம் சொல்லாமல்தான் போனேன். தம்பி காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்தார். அவர் மனைவி நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டார். திட்டுவார்கள் என்று தயாராகப் போனேன். தம்பி திட்டவில்லை. சாருக்கு ரொம்ப அதிர்ச்சியா இருக்கும், அவருக்குத் தைரியம் சொல்லுங்க என்றார்.

அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: ஏம்மா, நான் லைட்டைப் போட்டேன்தானே? இருபத்தாறு வருஷமா என் கை தானாப் போடும். ஆனா எல்லாரும் எரியலைங்கிறாங்க. சாரும் பாக்கலைன்னுட்டாராம். மேனேஜர் நாலு தடவை வந்து, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க நல்லா யோசிச்சுச் சொல்லுங்கன்னு கேக்கறார். யோசிக்க யோசிக்க எனக்கே சந்தேகமா இருக்கு. மறந்துட்டேனோ?

அவர் என் முகத்தையே பார்த்தார். ரெஸ்ட் எடுங்க தம்பி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்த மனுஷனுக்குக் காலை உடைத்ததோடு நிற்கவில்லை, அவர் புத்தியை அவரே நம்ப முடியாமல் பண்ணிவிட்டோம். அவர் மனைவி என்னை லிஃப்ட் வரைக்கும் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

புதன்கிழமை எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். உன் அப்பா தன்பாட்டுக்கு உருட்டவில்லை. வழக்கம்போல 'ம்?' என்று கேட்டார். காதில் ஃபோனோடு நின்ற என் வாயிலிருந்து 'ம்' வந்தது. அது அவருக்குச் சொன்ன 'ம்' இல்லை. யாருக்குச் சொன்னது என்று நீ உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்காதே. வாய் என்னுடையது.

மூன்றாவது பஸ் வருகிறது. நாளைக்கு நான் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, காலை

வெள்ளிக்கிழமை இருவரும் பேசாமலே கிளம்பினோம். உன் அப்பா நீ வாங்கிக் கொடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டார். பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார். வாசலில் நிறுத்தி நான்தான் சரி செய்தேன்.

மேலாளர் அறை ஷூ அலமாரிக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறை. தலைமை அலுவலகத்திலிருந்து விசாரிக்க ஒரு அம்மா வந்திருந்தார், வயதில் உன்னைவிடக் கொஞ்சம் பெரியவராக இருப்பார். மரியாதையாகத்தான் பேசினார். அன்று நடந்ததைப் படித்துக் காட்டினார். 'லேன் விளக்கு எரியவில்லை' என்ற இடம் வந்ததும் நிறுத்தி, இது சரிதானே ஐயா என்றார். உன் அப்பா தலையை ஆட்டினார், ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். சரி, கீழே ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க என்று அந்த அம்மா தாளைத் தள்ளினார்.

உனக்குத் தெரியாது. வங்கியிலோ தபாலாபீஸிலோ எங்கே கையெழுத்துக் கேட்டாலும், நான் சும்மா தாளை நேராக வைக்கிற மாதிரி அவர் விரலைக் கோட்டின் மேல் வைத்துவிடுவேன். யாருக்கும் தெரியாது. அன்றைக்கும் அவர் பேனாவைத் திறந்துவிட்டு என் கைக்காகக் காத்திருந்தார்.

நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

பேனா தாளுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பந்து உருட்டிப் பின்கள் சிதறிய சத்தம் கேட்டது. உன் அப்பா என் பக்கம் திரும்பாமல், எங்க என்று மெதுவாகக் கேட்டார். அந்த அம்மா, இங்கதான் ஐயா, கட்டம் போட்டிருக்கே என்றார். பேனா இன்னும் கொஞ்சம் இறங்கி, மேசை விளிம்பைத் தொட்டது. தாளே அங்கே இல்லை.

நாற்பத்தாறு வருடக் குடித்தனத்தில் நான் அவருக்கு இப்படி ஒன்றைச் செய்ததில்லை. எழுந்து ஓடிவிடலாம் என்றிருந்தது.

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். எனக்கு இந்தத் தாள் தெரியலைம்மா என்று அந்த அம்மாவிடம் சொன்னார். குரல் உடையவில்லை. எதிர்ல உட்காந்திருக்கிற உங்க முகமும் தெரியலை. லைட் எரிஞ்சிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது. தம்பி மேல தப்பு எழுதாதீங்க என்றார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு வாய் வந்தது. விளக்கு எரிந்ததைப் பார்த்தேன் என்று சொன்னேன். படிவத்தில் குறி போட்டதையும், நான் சொன்ன 'ம்'மையும் சொன்னேன். அந்த அம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா என்றார். நானும் ஆறு நாளாக அதையேதான் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தம்பிக்கு வேலை போகாது. கால் சரியாகும் வரை சம்பளத்தோடு விடுப்பு. உன் அப்பாவின் உறுப்பினர் அட்டையை அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். கண் டாக்டர் சான்றிதழும், கூட நிற்பவர் யார் என்று எழுதிக் கொடுத்த உறுதியும் இருந்தால், பந்து ஓரத்தில் விழாமல் பிள்ளைகளுக்காகக் கம்பி வைத்த கடைசி லேனில் ஆட விடுவதைப் பற்றி யோசிப்பார்களாம். யோசிப்பார்கள், அவ்வளவுதான். பொய்ப் படிவத்துக்காக எனக்கு மூன்று மாதம் தடை. அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதத்தான் ஆசை. போன மாதம் ஆட்டத்துக்கு என் சராசரிப் புள்ளி நூற்று நாற்பத்திரண்டு, உன் அப்பாவைவிடப் பதினொன்று அதிகம். நான் அங்கே அவருக்குக் கண்ணாக மட்டும் போகவில்லை, தெரிந்துகொள்.

வீட்டுக்கு வந்ததும், கையை ஏன் எடுத்துட்டே என்று கேட்டார். எடுக்கலை, வைக்கலை என்றேன். பேஷ், நீயும் என்னை மாதிரியே பேசக் கத்துக்கிட்டே என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சாப்பிட எழுந்திருக்கவில்லை.

நேற்று சனிக்கிழமை. மூன்றரை மணிக்குத் தானாகவே எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தார். எனக்குப் பயமாகிவிட்டது, பழக்கத்தில் கூடத்துக்குக் கிளம்புகிறாரோ என்று. ஆஸ்பத்திரி எந்த பஸ் என்றார்.

கட்டில் பக்கத்தில் போய் நின்று, நீங்க லைட் போட்டிருந்தீங்க, எனக்குத்தான் கண்ணு இல்லை என்று தம்பியிடம் சொன்னார். தம்பி முதலில் கேட்டது, அப்ப நான் மறக்கலையா என்றுதான். இல்லை என்றோம். மறக்கலைதானே என்று இன்னொரு தடவை கேட்டார். அப்புறம் போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துக்கொண்டு அழுதார். உன் அப்பா அவர் தலையைத் தேடி, தலையணையைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தம்பியின் மனைவி ஜன்னல் பக்கமாகவே நின்றார். நாங்கள் கிளம்பும்போது, இன்னும் கொஞ்ச நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் இங்க வர வேண்டாம் என்றார். அது நியாயம். சரிம்மா என்று சொல்லிவிட்டு வந்தோம்.

இன்றைக்குக் காலையில், என்ன நாலு நாளாப் பையில தாள் சலசலக்குது என்று கேட்டார். சொன்னேன் அல்லவா, பாம்புக் காது. இது முழுவதையும் வாசித்துக் காட்டினேன். ஒரு வார்த்தையும் விடவில்லை. கெஞ்சினார் என்று எழுதிய இடத்தை மாற்றச் சொல்வாரோ என்று நினைத்தேன். சொல்லவில்லை. முடித்ததும், முக்கியமானதை எழுதவே இல்லையே என்றார்.

ஆமாம். அதற்குத்தான் இவ்வளவு பக்கம் ஆகிவிட்டது.

போன வருடம் கண் டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, இது குடும்பத்தில் தொடரக்கூடிய நோய், பிள்ளைகள் இருந்தால் வருடம் ஒரு தடவை கண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், சீக்கிரம் தெரிந்தால் நிறையச் செய்யலாம் என்று சொன்னார். உன்னிடம் சொன்னால் ஏன் என்று கேட்பாய். கேட்டால் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொன்னால் ஆட்டத்தை நிறுத்தச் சொல்வாய். அதனால் சொல்லவில்லை. பத்து மாதம். தம்பியின் காலைப் பற்றி எழுதிவிட்டேன், படிவத்தைப் பற்றி எழுதிவிட்டேன். இதை எழுதத்தான் கை வரவில்லை.

இந்த வாரமே போய்க் கண்ணைக் காட்டு. வேலை இருக்கிறது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப் போடாதே. எங்கள் மேல் கோபம் வந்தால் வரட்டும், ஒரு மாதம் பேசாமல் இருந்தாலும் இரு. ஆனால் டாக்டர் என்ன சொன்னார் என்பதை மட்டும் எங்களிடம் மறைக்காமல் சொல்லிவிடு, நாங்கள் மறைத்தது போதும். உனக்கு ஒன்றும் இருக்கக் கூடாது. இருக்காது. நீ நூறு வயது வரைக்கும் எல்லாவற்றையும் நன்றாகப் பார்க்க வேண்டும்.

உன் பதிலுக்காக உட்கார்ந்திருக்கும்,
அம்மா, அப்பா