கதைக்காகச் சாத்திய கதவு

மாமா,

பழைய பேப்பர்க்காரருக்குப் போடலாம் என்று இன்று காலை புத்தக அலமாரியைக் காலி செய்தேன். கீழ்த்தட்டில், யாழினியின் ஒன்றாம் வகுப்பு நோட்டுகளுக்கு அடியில், பழுப்பு அட்டை போட்ட அந்த குரூப் டூ கைடு கிடந்தது. திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை. முதல் பக்கத்தில் உங்கள் கையெழுத்தில் என் பெயர். பெயருக்கு முன்னால் 'செல்வி' என்று எழுதி, அடித்துவிட்டு, 'திருமதி' ஆக்கியிருக்கிறீர்கள். மற்ற எந்தப் பக்கத்திலும் ஒரு கோடுகூடக் கிடையாது. சில தாள்கள் ஓரம் வெட்டுப்படாமல் இன்னும் ஒட்டிக்கொண்டே இருக்கின்றன.

"யாருதும்மா இது?" என்றாள் உங்கள் பேத்தி. பதினோரு வயதாகிறது, எல்லாவற்றுக்கும் கேள்வி.

"தாத்தா எனக்கு வாங்கிக் குடுத்தது."

"நீ எக்ஸாம் எழுதுனியா?"

"இல்ல."

"அப்பறம் எதுக்கு வாங்குனாரு?"

அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் மதியச் சமையல் ஆகாது என்று அவளை விரட்டிவிட்டு, உங்களிடம் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். நீங்களே நடத்திய கதைதான். ஆனாலும் என் வாயால் ஒரு முறையாவது அதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் உயிரோடு இருந்தவரை நான் சொல்லவில்லை.

யாழினிக்கு மூன்று வயது அப்போது. நான் மஞ்சக்குப்பத்தில் பல் டாக்டர் கிளினிக்கில் ரிசப்ஷனில் இருந்தேன். வாரத்தில் ஆறு நாள் வேலை. நோயாளிகள் குறைவாக இருக்கும் நேரத்தில் பழைய அப்பாயின்ட்மென்ட் சீட்டுகளின் பின்பக்கம் கதை எழுதுவேன். வீட்டுக்குக் கொண்டுவந்து உளுந்து டப்பாவுக்குள் ஒளித்து வைப்பேன். இட்லிக்கு ஊறப்போடுவது நான்தானே, வேறு யார் திறக்கப் போகிறார்கள் என்ற தைரியம். அத்தை நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே போய்விட்டார் என்பதும், அத்தனை வருடமும் இட்லிக்கு ஊறப்போட்டது நீங்கள்தான் என்பதும் எனக்கு எப்படி மறந்ததோ தெரியவில்லை.

ஒரு சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது, சீட்டுகளை வரிசையாக அடுக்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருந்தீர்கள். எனக்குக் காது வரைக்கும் சூடேறிவிட்டது.

"ஏம்மா, இந்தப் பொண்ணு ஆறே காலுக்கு சிதம்பரத்துல சேத்தியாத்தோப்பு பஸ் ஏறுதுன்னு எழுதியிருக்க. ஆறே காலுக்கு ஏது வண்டி? அஞ்சு அம்பதுக்கு ஒண்ணு. அத வுட்டா ஆறு நாப்பதுதான்."

முப்பது வருடம் கடலூர் பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பராக நின்று, வண்டிகளை நேரம் தவறாமல் ஸ்டாண்டை விட்டு விரட்டியவர் நீங்கள். வாழ்க்கையில் அதற்கு முன் ஒரு கதை படித்ததில்லை. என் முதல் வாசகர் கண்டுபிடித்த முதல் குறை அது. 'மாத்திடறேன் மாமா' என்று முனகினேன். "மாத்து. அந்த வண்டி வர்றவரைக்கும் அவ ஸ்டாண்டுலயே நிக்கட்டும்" என்றீர்கள். நிற்க வைத்தேன். அவள் அங்கே காத்து நின்ற நேரம்தான் பிறகு முழுக்கதையும் ஆயிற்று. அதை இன்றுவரை யாரிடமும் நான் ஒப்புக்கொண்டதில்லை.

"எப்ப எழுதற நீ?" என்று கேட்டீர்கள்.

"நேரம் கெடைக்கறப்போ."

"நேரம் கெடைக்கறப்போ எடுக்கற வண்டிக்கு எவன் வந்து நிப்பான்? ஞாயித்துக்கெழம காலையில ஆறுலேந்து எட்டு. உள்ரூம்ல போயி கதவ சாத்திக்க. பாப்பா எம் பொறுப்பு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பித்துவிட்டீர்கள். ஆறு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது "ம்ம், டைம் ஆச்சு" என்று சமையலறை வாசலில் வந்து நிற்பீர்கள். பாதி அரிந்த வெங்காயத்தை அப்படியே வாங்கிக்கொள்வீர்கள். யாழினியை மொபெட்டின் முன்னால் நிற்கவைத்து சில்வர் பீச்சுக்குப் போவீர்கள். அங்கே அவள் மணலில் புரண்டு, தலை நிறைய மணலோடு வருவாள். அதைக் கழுவி, குளிப்பாட்டி, இட்லி ஊட்டி எல்லாம் முடித்துவிட்டு, சரியாக எட்டுக்குக் கதவை இரண்டு தட்டு தட்டுவீர்கள். எழுதிய வரி பாதியில் நின்றாலும் எட்டு என்றால் எட்டுதான். ஒரு நாள் ஒரு வார்த்தையும் வராமல் எழுந்து வந்து, "வீணாப் போச்சு மாமா, சும்மாவே உக்காந்திருந்தேன்" என்றேன். "ஆளு ஏறலன்னா வண்டிய எடுக்காம வுடுவமா?" என்று சொல்லிவிட்டு யாழினியின் காதிலிருந்து மணலை எடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

இப்படி நாலைந்து மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிறு காலை, முதல் பஸ் பிடித்து உங்கள் அக்கா சிதம்பரத்திலிருந்து வந்து இறங்கினார். நான் பெரியம்மா என்று கூப்பிடுகிறவர். பை நிறைய முருங்கைக்காய். உள்ரூம் கதவு சாத்தியிருக்கிறது. தம்பி துண்டைக் கட்டிக்கொண்டு குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டிருக்கிறான். மருமகளைக் காணோம்.

"எங்கடா உன் மருமவ? இன்னும் தூங்குதா?"

கதவுக்கு இந்தப் பக்கம் பேனாவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "குரூப் டூ பரீட்சைக்குப் படிக்குதுக்கா" என்றீர்கள்.

அடுத்த நொடி வீடே அடங்கிப்போனது. பெரியம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். சத்தம் போட்ட யாழினியை வாய் மூடச் சொன்னார். தானே காப்பி போட்டு எடுத்துவந்து, கதவை விரல் நுனியால் தட்டி, "குடிச்சிட்டுப் படிம்மா" என்று நீட்டினார். நோட்டை முந்தானையால் மூடிக்கொண்டு வாங்கிக் குடித்தேன். நம் வீடுகளில் ஒரு மருமகள் பகலில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவதற்குப் பரீட்சையை விட்டால் வேறு காரணம் எது இருந்தது? மறுநாளே நீங்கள் இந்த கைடை வாங்கிவந்து, அட்டை போட்டு மேசையில் வைத்தீர்கள். வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று.

பெரியம்மா சொல்லித்தான் உங்கள் மகனுக்குச் செய்தி போனது. அவருக்கு ஒரே சந்தோஷம். செம்மங்குப்பத்தில் கெமிக்கல் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்த்துவிட்டு ஞாயிறு காலை உள்ரூமுக்கு அடுத்த அறையில் அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிறவர், அதுவரை சாத்திய கதவைக் கவனித்ததில்லை. எனக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாதென்று பாயை ஹாலுக்கு மாற்றிக்கொண்டார். கூட வேலை செய்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். அன்றைக்கே அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. படித்து அதிகாரியாகப் போகிறவள் என்று பார்த்த கண்ணோடு, சீட்டுக்குப் பின்னால் கதை கிறுக்குகிறவள் என்று என்னைப் பார்ப்பாரோ என்று பயம். பொய்யை ஆரம்பித்தது நீங்கள். காப்பாற்றி வளர்த்தது நான்தான் மாமா.

முதல் வருடம் ரிசல்ட் வந்தபோது, "கொஞ்சத்துல போயிடிச்சு" என்று எல்லோருக்கும் சொன்னீர்கள். எழுதாத பரீட்சையில் தோற்றதற்காக நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தேன். இரண்டாம் வருடமும் போயிற்று. அந்த வருடம்தான் ஒரு சின்னப் பத்திரிகையில் அந்த பஸ் ஸ்டாண்டு கதை வந்தது. நீங்கள் பத்திரிகையைச் சுருட்டி இடுப்பில் சொருகிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய், டிரைவர் கண்டக்டர் எல்லோருக்கும் என் பெயரைத் தொட்டுத் தொட்டுக் காட்டியிருக்கிறீர்கள். "எம் மருமவ எழுதுனது. வூட்டுப் பக்கம் வந்தா மட்டும் பேசிடாதீங்க" என்று எச்சரித்தும் இருக்கிறீர்கள். ஊருக்கெல்லாம் தெரிந்த எழுத்தாளராகவும், வீட்டில் பெயிலான மாணவியாகவும் ஒரே நேரத்தில் இருந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மூன்றாம் வருடம், பெரியம்மாவின் பேரனுக்குக் காதுகுத்து. சிதம்பரத்தில், மேலவீதிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபம். நீங்கள், நான், உங்கள் மகன், யாழினி நான்கு பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருந்தோம். பெரியம்மா சாம்பார் வாளியோடு வந்து என் இலைக்கு முன் நின்றார்.

"திருவதிகை கோயிலுக்கு பதினோரு திங்கக்கெழம போயி வெளக்கு போட்டுட்டேம்மா, உன் பேருல. முட்டி வலி ஜாஸ்தியாப் போச்சு, இருந்தாலும் வுடல. ஆனா ஒண்ணு சொல்றேன். இந்த வாட்டியும் பாஸாவலன்னா வுட்டுடு. கதவ சாத்திக்கிட்டு உக்காந்தது போதும். பாப்பாவுக்கு ஆறு வயசாவுது. ரெண்டாவத பெத்துக்கற வழியப் பாரு."

கதவு போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். அந்த முட்டியோடு சிதம்பரத்திலிருந்து பண்ருட்டி வழியாகப் பதினோரு வாரம் அலைந்திருக்கிறாரே என்ற வெட்கம் இன்னொரு பக்கம். இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் கையை இலை ஓரத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தீர்கள்.

"அக்கா, அது பரீட்சையே எழுதல. நான்தான் பொய் சொன்னேன்."

"என்னாது?"

"கதை எழுதுது. மூணு வருஷமா."

சாம்பார் கரண்டி வாளிக்குள் அப்படியே நின்றது. எதிர்ப்பந்திக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கதைக்காடா கதவ சாத்துன?"

"ஆமாங்க்கா. கதைக்குத்தான் சாத்துனேன். இன்னமும் சாத்துவேன். நீ வெளக்கு போட்டதுக்கு என்னைய நாலு அடி வேணா அடிச்சிக்க. அத ஒண்ணும் சொல்லாத."

பெரியம்மா உங்கள் இலைக்கு சாம்பார் ஊற்றாமலே அடுத்த ஆளுக்குப் போய்விட்டார். நீங்கள் வெறும் சோற்றை மோர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தீர்கள். சுற்றிலும் அத்தனை உறவு. தலை குனியவே இல்லை நீங்கள். எத்தனையோ மாமனார்கள் மருமகளைப் பற்றிப் பெருமை பேசிக் கேட்டிருக்கிறேன். சொந்தத்துக்கு நடுவில் தன்னைப் பொய்யன் ஆக்கிக்கொண்டு பெருமைப்பட்டவர் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான்.

உங்கள் மகன் திரும்பி வரும்போது பஸ்ஸில் தனி சீட்டில் உட்கார்ந்தார். மூன்று நாள் சரியாகப் பேசவில்லை. நான்காம் நாள், "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"சிரிப்பீங்கன்னு நெனச்சேன்."

"சிரிச்சிருப்பேன்தான். அப்பறம் பழகியிருப்பேன்" என்றார்.

அடுத்த ஞாயிறு நான் உள்ளே போகவில்லை. பரீட்சை இல்லை என்றான பிறகு எந்த முகத்தோடு கதவைச் சாத்துவது? பீன்ஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீங்கள் வாசலில் வந்து நின்றீர்கள், நான் தலை நிமிரவில்லை. அப்போது நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த சட்டையோடு உங்கள் மகன் மொபெட் சாவியை உங்கள் கையிலிருந்து வாங்கினார். "நீங்க இருங்கப்பா, பாப்பாவ நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். நீங்கள் பீன்ஸ் தட்டை இழுத்துக்கொண்டீர்கள். நான் உள்ளே போய் அழுதுவிட்டுத்தான் எழுத ஆரம்பித்தேன்.

நீங்கள் போய் ஒன்றரை வருடமாகிறது. அதற்குள் முன்பே எழுதி அனுப்பியிருந்த என் கதைகள் இன்னும் மூன்று வந்துவிட்டன, மொத்தம் ஒன்பது. ஆனால் கடைசியாக நடந்ததைச் சொல்லத்தான் இத்தனை நீட்டினேன். நீங்கள் போன பிறகு பெரியம்மாவுக்கு ஒரு வழக்கம் வந்தது. ஞாயிறு காலை ஆறரைக்கு எனக்கு போன் செய்வார். தம்பியிடம் பேசிக்கொண்டிருந்த பேச்சை இப்போது யாரிடம் பேசுவது? முட்டி வலி, பேரன் படிப்பு, உங்களுடைய சின்ன வயதுச் சேட்டை. ஏழரை தாண்டிவிடும். அவர் துக்கத்தை எப்படி வெட்டுவது என்று நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன். பல வாரங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. இந்த முறை கதவைத் தட்ட வேண்டியவர் வெளியே இல்லை, எனக்காகப் பேசவும் யாரும் இல்லை.

போன ஞாயிறு மணி அடித்ததும் எடுத்தேன்.

"என்னாம்மா பண்ற?"

"எழுதிக்கிட்டிருக்கேன் பெரியம்மா. எட்டு மணிக்கு நானே கூப்புடறேன்."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"சரி, எழுது. எட்டுக்கு மறந்துடாத, நான் போனு பக்கத்துலயே உக்காந்திருப்பேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எனக்காக ஒரு முறை நீங்கள் பொய் சொன்னீர்கள், ஒரு முறை உண்மை சொன்னீர்கள். இத்தனை வருடத்தில் இப்போதுதான் அந்த உண்மையை நானே சொன்னேன், மாமா. போனை வைத்துவிட்டு அடுத்த வரியை எழுதினேன்.

உங்கள் மருமகள்