விரிசலின் ஓசை

செப்டம்பர் 8, திங்கள்
குன்றின் பாதி உயரத்தில் நிற்கும் பெரிய பாறையில் இன்று மைக் ஒட்டினேன். கல்லுக்குள் ஓடும் அதிர்வைப் பிடிக்க ஒன்று, வெளிச்சத்தம் பிடிக்க இன்னொன்று. எதிரே கேமரா. எல்லாம் சிம் வழியாக என் லேப்டாப்புக்கு வந்துகொண்டே இருக்கும். பாறைக்குக் கீழே ஏழு வீடுகள், பின்பக்கம் கல் குவாரி.

இந்த ஒலியையும் படத்தையும் காட்சிக்கு வைக்க, செஞ்சி பஜாரில் சொக்கலிங்கம் அண்ணனின் காலி மல்லாட்டை (வேர்க்கடலை) குடோன்தான் என் கேலரி. “கல்லு பேசறதக் கேக்க யாரும்மா வருவாங்க?” என்று சிரித்தார்.

செப்டம்பர் 12
கிடைத்துவிட்டது! இரைச்சலுக்கு அடியில் ஒரு டிக். நீண்ட அமைதி. மறுபடி டிக். வெயிலில் கல் சூடேறும் சத்தமாக இருக்கும். இவ்வளவு அழகான ஒலியை நான் பிடித்ததே இல்லை.

செப்டம்பர் 16
நாளுக்கு நாற்பதாக இருந்த டிக் இன்று இருநூறைத் தாண்டியது. குவாரியில் வெடி வைத்த பிறகு இன்னும் நெருக்கமாக வருகிறது. எனக்குக் கொண்டாட்டம்.

செப்டம்பர் 19
குடோனின் மூன்று சுவரிலும் பாறை விரிசலின் படம், ஆள் உயரத்துக்கு. முதல் நாள் படத்தின் மேல் இன்றைய படத்தைப் போட்டுப் பார்த்தேன். விளிம்பு சேரவில்லை. ஒரு விரல் அகலம் விலகுகிறது. கேமரா நகர்ந்திருக்கும்.

ஆனால் பக்கத்துப் புங்கமரம் இரண்டு படத்திலும் அதே இடத்தில்தானே இருக்கிறது?

செப்டம்பர் 21, ஞாயிறு
திறப்பு. சென்னையிலிருந்து வந்தவர்கள் இருட்டில் கண்மூடி உட்கார்ந்து ரசித்தார்கள். அந்த ஏழு வீட்டிலிருந்து உண்ணாமலையும் கணவர் நெடுமாறனும் வந்தார்கள். உண்ணாமலை முப்பது வருடம் கல் உடைத்தவர். நின்றபடியே கேட்டார். பிறகு என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தார்.

“எந்தக் கல்லு இது?”

“உங்க வீட்டுக்கு மேல இருக்குதே, அதுதாங்க.”

“எத்தினி நாளா அடிக்குது?”

“பத்து நாளா.”

“பத்து நாளா கேட்டுகினு இருந்தியா? ஆப்பு எறக்கினா, பொளக்கறதுக்கு மின்ன கல்லு இப்டித்தான் சத்தம் போடும். அது பிரியுதும்மா.”

அழகா இருந்துச்சுன்னு அவங்ககிட்ட எப்படிச் சொல்றது?

செப்டம்பர் 22
கேலரியை மூடிவிட்டேன். அதிகாரி ஒருவரைப் பார்த்தோம். இன்ஜினியர் வந்து பார்க்க ஒரு வாரம் ஆகுமாம். குவாரி மேனேஜர் போனில், “ஆர்ட்டுன்னுதானே சொன்னீங்க? இப்ப இன்னா புதுசா?” என்றார்.

சொக்கலிங்கம் அண்ணன் மட்டும், “ஆளுங்கள இங்கியே கூட்டியாந்துடு” என்றார்.

செப்டம்பர் 23
ஆறு வீட்டார் காலையிலேயே வந்துவிட்டார்கள். நெடுமாறன் மசியவில்லை. “கறவ மாட்ட எங்கம்மா கட்டறது?” உண்ணாமலை போட்ட சத்தத்தில் மாலை ஒருவழியாக வந்தார். மாடு அங்கேயே.

இன்று மூவாயிரம். கேட்க முடியவில்லை. நிறுத்தவும் பயம்.

செப்டம்பர் 24
காலை 11.20. டிக் நின்றது. மொத்தமா நின்னுபோச்சு. “சத்தம் நின்னா பொளக்கப் போவுதுன்னு அர்த்தம்” என்று உண்ணாமலை எழுந்து நின்றார். சுற்றிப் பார்த்தால் நெடுமாறன் இல்லை. மாட்டை அவுத்தாரப் போயிருக்காரு, யாருகிட்டயும் சொல்லாம. போன் அடிச்சோம். எடுக்கல. மறுபடி. எடுக்கல —

11.31க்குத் திரையில் படம் போய்விட்டது.

செப்டம்பர் 25
மாலையில்தான் பாறைக்கு அடியிலிருந்து அவரை எடுத்தார்கள்.

அக்டோபர் 2
உண்ணாமலை வந்தார். லேப்டாப்புக்கு எதிரே உட்கார்ந்தார். பிறகு, “அவரு குரல் அதுல இருக்குதா?”

வெளி மைக் கடைசி வரை ஓடியிருக்கிறது. நான் கேட்டுவிட்டேன். இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் ஹெட்போனை அவரே எடுத்து மாட்டிக்கொண்டார். கடைசிப் பதினோரு நிமிடம். முடியும் வரை நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கழற்றி மேசைமேல் வைத்தார்.

“மாட்டத்தான் கூப்டுறாரு. பயப்படல.”

எழுந்துகொண்டே, “அழிச்சிடாத” என்றார்.

அக்டோபர் 6, திங்கள்
குவாரியை நிறுத்தச் சொல்லி மனு கொடுத்தோம். முதல் கையெழுத்து உண்ணாமலை. இணைப்பு: ஒலிப்பதிவு, பதினேழு நாள்.

திரும்பும் வழியில் குன்றின் வடக்குப் பக்கம் ஏறினோம். அங்கும் ஒரு பாறை, கீழே நான்கு வீடுகள். உண்ணாமலை அதில் காதை வைத்தார். இடம் மாற்றி மாற்றி வைத்தார். பிறகு ஓரிடத்தில் உள்ளங்கையை வைத்து, “மைக்க இங்க ஒட்டு” என்றார்.