சரசக்கா பார்த்த கடைசிப் பகுதி

ஞாயிற்றுக்கிழமை, இரவு.

நான் கதை எழுதிய சூப்பர்ஹீரோ தொடரின் முதல் சீசனைக் காலையிலிருந்து இணையத்தில் கிழித்துக்கொண்டிருந்தார்கள். நாயகன் பறப்பதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறதாம். அதைத் தாங்கிக்கொண்டேன்.

மாலையில் பக்கத்து வீட்டுச் சரசக்கா என்னை வாசலில் நிறுத்தினார். அவர் கணவர் போர்வெல் தோண்டும் ரிக் வண்டியில் வேலை செய்தபோது குழாய் சரிந்து இறந்தவர். அந்த விபத்தைத்தான், அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கடைசிப் பகுதியில் வைத்திருந்தேன். அதில் நாயகன் பறந்து வந்து தொழிலாளியைத் தூக்கிவிடுவான்.

“கடைசி வரைக்கும் பாத்தோம் தம்பி. அந்தாளு பொழச்சு ஊட்டுக்குப் போயிட்டான். அப்பாவுக்கு மட்டும் ஏன் அந்தப் பறக்கறவரு வரலீன்னு எம்மக கேக்கறா. என்னன்னு சொல்றதுங்க?”

மன்னிப்புக்கூடக் கேட்காமல் உள்ளே வந்துவிட்டேன். அந்தக் குழந்தைக்குச் சொல்ல ஒரு பதிலை இவ்வளவு நேரம் எழுதி எழுதி அடித்தேன்.