நாற்பது விநாடி

அன்புள்ள இளவரசி அக்காவுக்கு,

இங்கே அம்மா, நான், மாடு இரண்டு, எல்லோரும் நலம். அங்கே நீயும் அப்படியே இருக்க அம்மா மாரியம்மனிடம் சொல்லி வைத்திருக்கிறாள். அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன், நடுவில் வருவது என் சொந்தச் சரக்கு. பெர்லின் குளிரில் காதை மூடிக்கொண்டு போகச் சொல்கிறாள், இசை எழுதுகிறவளுக்குக் காதுதானே முதல் என்கிறாள். சாமை விதைத்தாயிற்று, மழைதான் ஏமாற்றுகிறது. தீர்த்தகிரி மாமா பழைய ஜீப் வாங்கியிருக்கிறார், ஹார்ன் மட்டும் நன்றாக வேலை செய்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் புதுப் படைப்பின் நடுவே வரும் நாற்பது விநாடி மௌனத்தைப் பத்தாகக் குறைக்கச் சொல்கிறார்கள் அரங்கக்காரர்கள், மறுத்தால் அரங்கேற்றமே போய்விடும், அம்மாவைக் கேட்டுச் சொல் என்று மெயில் அனுப்பியிருந்தாய். பதினொரு வருஷமாக அங்கே இசை எழுதி, முப்பது பேருக்குப் பாடமும் நடத்துகிறவள் யோசனை கேட்கிற ஆளைப் பார்! மெயில் வந்த அன்று நான் அதிலிருந்த ஒலிப்பதிவை மட்டும் இறக்கினேன், மெயிலைப் படிக்கவில்லை. திட்டாதே.

ஆடித் திருவிழாவுக்கு மைக்செட் என் பொறுப்பு. ஊர்க்கவுண்டர் சடையன் ஐயா, நம்ம பொண்ணு போட்டத வெய்டா, ஊரே கேக்கட்டும் என்றார். வைத்தேன். எட்டாவது நிமிஷம் சத்தம் நின்றது. ஒயர் போய்விட்டது என்று புளியமரத்தில் ஏறி ஸ்பீக்கர் குழாய்க்குள் தலையை விட்டேன், உன் வயலின்கள் அத்தனையும் சேர்ந்து கத்தின. வழுக்கிக் கூழ் அண்டா பக்கத்தில் விழுந்தேன், முழங்கையில் சிராய்ப்பு. கீழே நின்ற என் கூட்டாளி தமிழ்மணி, டேய் உங்கக்கா அங்கேர்ந்தே உன்ன அட்ச்சிட்டாடா என்று கத்தினான், ஊரே சிரித்தது.

ஆனால் விழுவதற்கு முன் மரத்திலிருந்து பார்த்தேன் அக்கா. கூழுக்கு முண்டியடித்தவர்கள் சொம்பும் கையுமாக அப்படியே நின்றிருந்தார்கள். கரண்ட் போய்டிச்சா என்று கேட்கக்கூட ஒருவரும் வாய் திறக்கவில்லை, அம்மா உட்பட. அவள் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நீ பார்த்திருக்கிறாயா?

மறுநாள்தான் மெயிலைப் படித்துக் காட்டினேன். அம்மா சொன்னது அப்படியே: அந்த சும்மா இருந்த நேரந்தான் நல்லா இருந்திச்சி, அத இன்னாத்துக்கு வெட்டணும், வேணும்னா மீதியக் கொறைக்கச் சொல்லு.

எனக்கும் மீதி புரியவில்லை, பொய் சொல்ல வராது. ஆனால் அந்த மௌனத்தில் ஒரு விநாடிகூட வெட்டாதே. அவர்கள் இல்லையென்றால் வேறு அரங்கம் பார்.

வேளைக்குச் சாப்பிடு. தைரியமாகப் பதில் எழுது, மாரியம்மன் துணையிருப்பாள்.

ஆசீர்வாதத்துடன்,
அம்மா சாந்தம்மாள்
(எழுதியது தம்பி குணசீலன்)