வாராவாரம் மலை ஏறினால்

ஜூன் 7, சனி

மழை. மேகம் தேவிகுளத்தின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. யூனிஃபார்ம் காயவில்லை. அம்மா அதை ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தொங்கவிட்டிருக்கிறாள். இப்போது யூனிஃபார்மில் மீன்குழம்பு வாசனை.

இன்றைய வேலை:
– கெமிஸ்ட்ரி ரெக்கார்டு
– பக்கத்து வீட்டு சேவியர் மாமாவின் ஜீப் ஹாரனில் சூயிங்கம் ஒட்டியதற்கு மன்னிப்பு (அவசரமில்லை)
– அப்பாவின் கார் கழுவுதல் (பந்தயத்தில் தோற்றால் மட்டும்)

தோற்றேன். உடுமலை பம்பிலிருந்து அப்பாவின் போன்.

"டப்புன்னு கொழாயி நின்னுருச்சு கண்ணு. அதுக்கு மேல ஒரு சொட்டு ஊத்தல."

"நிஜமா?"

"பம்புக்காரத் தம்பிகிட்ட வேணா குடுக்கட்டுமா? நீ பதினேழுன்ன. நானு பதினெட்டரைன்னேன். வந்தது பதினெட்டே காலு. பக்கெட்ட எடுத்து வெய்யி."

எங்கள் பந்தயத்தின் விதி: அப்பாவுக்கு வேலை மீனாட்சிபுரத்தில், பால் சொசைட்டியில். அது கேரளம், பாலக்காட்டுப் பக்கம். நானும் அம்மாவும் தேவிகுளத்தில். இதுவும் கேரளம். நடுவில் பாதை தமிழ்நாட்டுக்குள் புகுந்து வரும். அங்கே டீசல் விலை குறைவு. எனவே இரண்டு கேரளத்துக்கும் நடுவே உடுமலைப்பேட்டையில்தான் டேங்க் நிரம்பும். பார்டர்க்காரர் எல்லோருக்கும் இதே பழக்கம். போன சனி நிரப்பியதை இந்த சனி அதே பம்பில் நிரப்பினால்தான் உண்மையான மைலேஜ் தெரியும். அதாவது ஞாயிறு கிளம்பும்போது யூகம் சொல்ல வேண்டும், விடை அடுத்த சனி. கம்பெனி புத்தகத்தில் போட்ட மைலேஜ் ஒருநாளும் வந்ததில்லை. என் மார்க் ஷீட்டில் அம்மா எதிர்பார்ப்பது வருமா? அது மாதிரி.

மூன்று வளைவுக்குக் கீழேயே டீசல் சத்தம் கேட்கும். அம்மா உடனே தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள். அப்பா செருப்பைக் கழற்றும்போது முதல் தோசை தயார். இருவரும் பேசிக்கொள்ளாத இந்த நாட்களிலும் அது மட்டும் தவறவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

அம்மா சர்ச்சுக்குப் போய் வந்தாள். அப்பா காரடியில் படுத்து எதையோ முறுக்கினார். அம்மா வாசலுக்கு வந்தால் அப்பா காரடியில். அப்பா உள்ளே வந்தால் அம்மா பின்கட்டில். காதலித்துக் கல்யாணம் செய்தவர்களாம். நம்பித்தான் ஆக வேண்டும், சாட்சி நான்.

சண்டை பழையதுதான். அம்மா தாலுகா ஆபீஸ் வேலையைப் பாலக்காட்டுப் பக்கம் மாற்றிக்கொள்ள மாட்டாள். அப்பா தோட்டத்தையும் மாட்டையும் விட மாட்டார். நடுவில் நான், உடுமலைப்பேட்டை மாதிரி.

மத்தியானம் சாப்பிடும்போது அப்பா சாதாரணமாகச் சொன்னார்: "இந்த வண்டியக் குடுத்துட்டு பெட்ரோலு வண்டி ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கறேன்."

அம்மா குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றிக்கொண்டேயிருந்தாள். தட்டு ரொம்பிவிட்டது.

பெற்றோரும் பெட்ரோலும்: இரண்டுமே சட்டென்று பற்றிக்கொள்ளும். (நல்லா இருக்கு. கிளாஸில் சொல்ல வேண்டும்.)

என் யூகம் பதினெட்டு.

ஜூன் 11, புதன்

அப்பாவின் மனதை மாற்றியே தீருவது என்று முடிவு. சே.மா.விடம் (சேவியர் மாமா) ஆதாரம் திரட்டப் போனேன். டூரிஸ்ட் ஜீப், டீசலுக்கே பிறந்தவர். சூயிங்கத்துக்கு மன்னிப்பும் கேட்டாயிற்று.

"ஏ புள்ள, எந்தம்பி பெட்ரோல் வண்டி வச்சிருக்கான். சமதளத்துல பத்தொம்பது குடுக்குன்னு பீத்துவான். மறையூர்லேர்ந்து இங்க ஏறட்டும், பன்னெண்டுக்கு வந்துரும். ஒண்ணாம் கியர்ல அழுதுட்டே ஏறும்."

"டீசல் அழாதா மாமா?"

"அது மொனங்கும். ஆனா ஏறிரும். இன்னொண்ணு, பெட்ரோல்ல இப்பம் ஸ்பிரிட்டக் கலக்குறானுவ. குடிச்ச வண்டிக்கு எப்பிடி மைலேஜ் நிக்கும்?"

ஒரு சார்ட் பேப்பரில் எல்லாவற்றையும் எழுதி, மேலே 'டீசல் பாதுகாப்புக் கழகம், தேவிகுளம் கிளை' என்று போட்டேன். தலைவர், செயலாளர், உறுப்பினர்: நான். அம்மா பார்த்தாள். சிரிக்கவில்லை. பொதுவாகச் சிரிப்பாள்.

ஜூன் 14, சனி

விடை பதினேழே முக்கால். ஜெயித்தேன். தோற்றவர் ஒரு பாட்டுப் பாட வேண்டும். அப்பா பாடினார், சே.மா.வின் நாய் எழுந்து போய்விட்டது.

சார்ட்டைச் சுவரில் ஒட்டி, கம்பால் தட்டித் தட்டிப் பாடம் எடுத்தேன். அப்பா நல்ல மாணவர். நடுவில் கை தூக்கிக் கேள்வியெல்லாம் கேட்டார்.

"டீச்சர், பெட்ரோலு வண்டி வெல கொறவுங்களே?"

"வாங்கும்போது குறைவு. ஓட்டும்போது புடுங்கிரும். மலையில டீசல் பதினெட்டு குடுக்குற எடத்துல அது பன்னெண்டு."

"சர்வீசும் அதுக்குச் சல்லிசுங்களே டீச்சர்?"

"வாராவாரம் இவ்வளவு தூரம் மலை ஏறி இறங்குறவருக்கு டீசல்தான் கட்டுப்படியாகும். கேஸ் தள்ளுபடி."

அப்பா கையைக் கீழே இறக்கினார். சார்ட்டையே பார்த்துக்கொண்டு, டீச்சரிடம் இல்லை, என்னிடம் சொன்னார்:

"அது... வாராவாரம் ஏறுனா கண்ணு."

பிறகு தண்ணீர் குடிக்க உள்ளே போனார்.

கம்பு கையிலேயே இருந்தது எனக்கு.

ஜூன் 17, செவ்வாய்

மழை. கிளாஸில் என்ன நடந்தது என்று தெரியாது.

எத்தனை விதமாகப் போட்டுப் பார்த்தாலும் ஒரே விடை. நிறைய ஓட்டம் இருந்தால் டீசல். ஓட்டம் குறைவென்றால் பெட்ரோல். அப்பா மடையர் இல்லை. சரியான வண்டியைத்தான் வாங்கப் போகிறார்.

சாயங்காலம் அம்மா துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டேன்.

"அப்பா இனிமே வரமாட்டாகளா?"

"வராம என்னட்டி? மாசத்துக்கு ஒருக்கா வருவாக. ஒனக்கு லீவுன்னா நீ அங்க போ."

"யாரு முடிவு பண்ணுனது?"

"ரெண்டு பேருந்தான்."

"சண்டையில்லாமலா?"

"சண்டையில்லாம."

ஒரு வருடமாகச் சாம்பாருக்கு உப்பு போதுமா என்பதில்கூட ஒத்துப்போகாதவர்கள். இதில் மட்டும் ஒத்துப்போயிருக்கிறார்கள்.

அம்மா என் யூனிஃபார்மை இரண்டு தடவை தேய்த்தாள். ஏற்கெனவே தேய்த்தது என்று நான் சொல்லவில்லை.

ஜூன் 21, சனி

வண்டி பார்க்க அடிமாலியிலிருந்து ஆள் வருவதாக அப்பா சொன்னார். வண்டி விற்காவிட்டால் டீசல் போகாது. டீசல் போகாவிட்டால் அப்பா...

திட்டம்: நெத்திலிக் கருவாடு. கால் கிலோ. டிரைவர் சீட்டுக்கு அடியில் பாதி, பின்னால் மிதியடிக்குக் கீழே மீதி. கண்ணாடியெல்லாம் ஏற்றி வைத்தேன். எங்கிருந்தோ கொஞ்ச நேரம் வெயில் வேறு வந்து உதவியது.

வந்தவர் கதவைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"எந்தா சேட்டா, இது காறோ மீன்வண்டியோ?"

சே.மா. வேலிக்கு அந்தப் பக்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் அந்த மனுஷன் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தார். சத்தத்தைக் கேட்டார். ஏற்றத்தில் மூன்றாம் கியரிலேயே ஏற்றினார். திரும்பி வந்து, "மணம் போகும். நல்ல வண்டியாணு" என்றார். முடிந்தது. வண்டி அத்தனை நன்றாக ஓடியிருக்க வேண்டியதில்லை.

அவரிடம் கொடுக்கும் முன் அப்பா சீட்டுக்கடியில் கைவிட்டுக் கருவாட்டை வெளியே எடுத்தார். நான் தயாராக நின்றேன். நல்ல திட்டு விழும், நான் பதிலுக்குக் கத்துவேன், கத்துகிற சாக்கில் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன்.

"நல்ல கருவாடு. வீணாப் போச்சே கண்ணு," என்றார். அவ்வளவுதான். தலையைத் தடவிவிட்டுப் போனார். கையில் நெத்திலி வாசனை.

போன தீபாவளிக்கு அவருடைய செருப்பில் ஃபெவிகால் ஊற்றியபோது தெருமுனை வரை துரத்தினார். இப்போது திட்டக்கூட இல்லை.

தலை குளிக்கவில்லை இன்றைக்கு.

ஜூன் 22, ஞாயிறு

அப்பா பஸ்ஸில் போனார். ஜன்னல் சீட். யூகம் சொல்ல எதுவுமில்லை. கடைசி டேங்கின் விடை என்னவென்று யாருக்கும் தெரியாது. அடிமாலிக்காரர் மீதியை ஓட்டித் தீர்ப்பார்.

ஜூன் 28, சனி

வந்துவிட்டார். எங்களுக்குத் தெரியவே இல்லை.

நான் ரேடியோவை அணைத்து வைத்துக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. திரும்பிப் பார்த்தால் அப்பா வாசலில் நிற்கிறார், பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு கார். அம்மா தலையில் துண்டோடு ஓடி வந்தாள்.

"இப்படிச் சொல்லாம கொள்ளாம வந்து நிக்கீகளே!"

சொந்த வீட்டுக்கு வந்தவரிடம் சொல்கிற பேச்சா இது என்று அவளுக்கே பட்டிருக்க வேண்டும். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்பாவும் விருந்தாளி மாதிரியே, "பரவால்லீங்க, மெதுவா ஆகட்டுங்க" என்றார். தோசைக்கல் சூடாகவில்லை. காலை இட்லி இருந்தது, ஆறிப்போய்.

ஜூன் 29, ஞாயிறு

மதியம் கிளம்பும் முன் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு ரவுண்டு. சின்ன ஸ்கிரீனைக் காட்டினார். குழந்தைக்குப் பொம்மை காட்டுகிற மாதிரி.

"பாரு கண்ணு, ஓடறப்பவே காட்டுது. இனி அடுத்த சனிக்கெழம வரைக்கும் காத்துக் கெடக்க வேண்டாம் பாரு."

ஏற்றத்தில் ஒன்பது காட்டியது. இறக்கத்தில் கால் எடுத்ததும் தொண்ணூற்றொன்பது. இறக்கத்தில் மட்டும் கெட்டிக்கார வண்டி.

"ஸ்கிரீன் பொய் சொல்லும்ப்பா. டேங்க் நிரப்பித்தான் பார்க்கணும்."

"சரி. நேத்து உடுமலையில நெரப்பிட்டுத்தான் ஏறுனேன். நீ எவ்வளவுங்கற?"

"பதிமூணு."

"நானு பதினஞ்சு."

"மறுபடி நிரப்புனதும் பம்பிலேர்ந்தே கூப்பிடணும். மீனாட்சிபுரத்துல நிரப்புனா செல்லாது."

"கூப்படறேன்."

"எப்போ?"

அப்பா கண்ணாடியைச் சரிசெய்தார். சரியாகத்தான் இருந்தது அது.

"வெசனப்படாத கண்ணு," என்றார்.

கார் முதல் வளைவு திரும்புவதற்குள் சத்தம் போய்விட்டது. பழைய வண்டியானால் மூன்றாவது வளைவு வரைக்கும் அப்பா போய்க்கொண்டிருப்பார்.

ஜூலை 5, சனி

மழை விட்டிருக்கிறது. கெமிஸ்ட்ரி ரெக்கார்டு முடிந்தது (உலக அதிசயம்). பம்பிலிருந்து போன் இல்லை. இந்த வாரம் வரமாட்டார் என்று தெரியும். தெரியும் என்று தெரியும்.

காலையில் கீழே வளைவில் டீசல் சத்தம். நான் பேனாவை வைத்தேன். சமையலறையில் அடுப்பு பற்றுகிற சத்தம், கல்லை வைக்கிற சத்தம்.

சே.மா.வின் ஜீப்.

அம்மா அடுப்பை அணைத்தாள். நான் அதைக் கேட்காத மாதிரி பாட்டு முணுமுணுத்தேன்.

பெட்ரோல் வண்டியில் இன்னொரு கஷ்டம், சார்ட்டில் எழுதாமல் விட்டது: சத்தம் கேட்கவில்லை என்பதற்காக வரவில்லை என்று சொல்லிவிட முடியாது. இதை எழுதி முடிப்பதற்குள் நாலு தடவை எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்தாயிற்று. ஒரு தடவை நான் போனபோது அம்மா அங்கே நின்றிருந்தாள். துணி காய்ந்ததா என்று பார்க்க வந்தாளாம். கொடியில் துணியே இல்லை.